அழகர்மலை அடிவாரத்தில் குறி பழகிய விடுமுறை

செப்டம்பர் 29, 2025, திங்கள் – புதூர், அழகர்கோவில், கிடாரிப்பட்டி

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு. இந்த முறை கொடைக்கானல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிடாரிப்பட்டியில் பெரியப்பாவுக்கு அழகர்மலையைப் பார்த்தாற்போல ஒரு மாந்தோப்பு இருக்கிறது, அதை ஒட்டிக் கொஞ்சம் கடலைக் காடு. போன வாரம் அவரே போன் போட்டார். "பேத்தி துப்பாக்கி சுடப் பழகுறாளாம்ல? கட்டடத்துக்குள்ள நின்னு சுட்டது போதும், இங்கிட்டுக் கூட்டிட்டு வா. காத்துல நின்னு சுட்டுப் பாக்கட்டும். வேட்டைக்குப் போறவன் என்னென்ன பழகிட்டுப் போவான்னு நானும் சொல்லித் தாறேன்" என்றார்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். கிளப் துப்பாக்கியை வெளியே கொண்டுபோக முடியாது. தேனியிலிருந்து அண்ணன் தன்னுடைய ஏர் ரைபிளை எடுத்து வந்தான், மதினியும் வந்தார். துளை 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்குவதால் இதற்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காக இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். காரில் ஏற்றும்போதே உறைக்குள் போட்டு, குண்டு டப்பாவைத் தனிப் பையில் வைத்தோம். மகன் ஆறாம் வகுப்பு. உறையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தான். என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

டவுனில் ஒரு கடையில் பெல்லட் என்கிற ஈயக் குண்டு இரண்டு டப்பா வாங்கினோம், டப்பா 300 ரூபாய். அழகர்கோவிலில் வண்டியை நிறுத்தி ஒரு டப்பாவைத் திறந்தால், பாதிக்கு மேல் நசுங்கிக் கிடந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டோம். விற்ற சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று வைத்துவிட்டார். நல்ல டப்பாவை மேலே காட்டிவிட்டு, அடியில் கிடந்ததைக் கையில் கொடுப்பது நல்ல வியாபாரம் இல்லை. 600 ரூபாய் கொடுத்து 400 ரூபாய்ச் சரக்குதான் தேறியது.

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் கோவிலுக்குள் நுழைய முடியாது. இன்று திங்கள், கூட்டம் மட்டாக இருந்தது. பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நின்று கும்பிட்டோம். அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. காட்டுப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டு போவதுதான் முறை என்று அண்ணன் பிள்ளைகளிடம் சொன்னான். அப்புறம் கோவில் தோசை. கருப்பு உளுந்து, மிளகு, சீரகம் போட்டு நெய்யில் பொரித்தது, விரல் கனம் இருக்கும். ஒன்றை நாலு பேர் பிட்டுத் தின்றாலும் மத்தியானம் வரை தாங்கும்.

தோசை வாசத்துக்குக் குரங்கு வந்துவிட்டது. மதினி கையில் இருந்த பையை ஒரு பெரிய கடுவன் பிடித்து இழுத்தது, மதினியும் விடவில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பையை விட்ருங்க தாயி. அது கண்ணைப் பாக்காதீங்க" என்றார். விட்டதும் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையைப் போட்டுவிட்டுப் போனது. அந்த அம்மாவே எழுந்து போய்ப் பையை எடுத்து, மண்ணைத் தட்டிக் கொடுத்தார். சும்மா காசு நீட்டினால் வாங்கவில்லை. இரண்டு முழம் மல்லிகை வாங்கினோம், முழம் 40 ரூபாய். நாளை மறுநாள் ஆயுத பூஜை என்பதால் நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது என்று அவரே சொன்னார்.

தோப்புக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சியில். பெரியம்மா இலையைப் போட்டுத் தயாராக இருந்தார். வேட்டைப் பழக்கம் படிக்க வந்த வீட்டில் கறி வாசமே கிடையாது. அழகர் ஊரில் புரட்டாசி மாதம் கறி சமைக்க மாட்டார்கள். மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், மோர் மிளகாய். அந்தக் குழம்புக்கு எந்தக் கறியும் ஈடாகாது. மகன் மூன்று முறை சோறு வாங்கினான்.

ராத்திரி டியூப்லைட் அடியில் எல்லோரும் உட்கார்ந்து பெல்லட் பொறுக்கினோம். இடை சிறுத்து, தலை கெட்டியாக, பின்புறம் பாவாடை விரித்தாற்போலக் குழிவாக இருக்கும் ஈயக் குண்டு. சுடும்போது காற்றின் அழுத்தத்தில் அந்தப் பாவாடை விரிந்து, பேரலுக்குள் ஓடும் வரிப்பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சுழல்கிறது. பாவாடை நசுங்கியிருந்தால் காற்று ஒழுகும், குண்டு ஆடிக்கொண்டு போகும். மகள் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள். நேராக உருண்டால் ஒரு கிண்ணம், வளைந்து ஓடினால் இன்னொரு கிண்ணம். முடிந்ததும் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது.

செப்டம்பர் 30, செவ்வாய் – கடலைக் காடு

விடிவதற்கு முன்னே பெரியப்பா எழுப்பிவிட்டார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் வரப்பில் எங்களுக்கு முன்னால் நடக்கிறார். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். "மொதல்ல கண்ணும் காதும் பழகணும். கையி அப்புறந்தேன்."

இளவயதில் முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர். நாய், வலை, வளரி என்ற வளைந்த எறிகட்டை எல்லாம் தெரியும். அவருடைய அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஓர் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, "இனிமே வேண்டாம்டா" என்று அப்பா சொன்ன ஒரு வார்த்தையோடு அந்த வீட்டில் வேட்டை நின்றது. பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது பெரியப்பா முகத்தில் வருத்தம் இல்லை. நாய் மட்டும் பழைய இனத்திலேயே வைத்திருக்கிறார். கன்னி நாய், கரிய உடம்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். எங்கள் பின்னாலேயே சத்தம் போடாமல் வந்தது.

தோப்பு முடிந்து கடலைக் காடு தொடங்கும் இடத்தில் பெரியப்பா நின்றார். மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து இடுப்பு உயரத்தில் பிடித்து மெதுவாக உதிர்த்தார். வெள்ளைத் தூள் நேராக விழாமல் எங்கள் முழங்காலை நோக்கிச் சாய்ந்து வந்தது. "மலைக்காத்து நம்ம மேல வருது. நம்ம வாசம் பின்னால போயிரும். அங்கிட்டு நிக்கிறதுக்கு நம்மளத் தெரியாது" என்றார். எத்தனையோ வருடமாகத் திருநீறு பூசுகிறோம், அதை வைத்துக் காற்றுப் பார்த்ததை இன்றுதான் கண்டேன். விடியும் நேரத்தில் காற்று மலையிலிருந்து இறங்கும், வெயில் ஏறினால் மலைக்கு ஏறும் என்றும் சொன்னார். அதனால்தான் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் போய் உட்காருவார்களாம்.

கடலைக் காட்டில் இரண்டு பாத்தி முழுக்க உழுது போட்டாற்போல இருந்தது. கொடியைப் பிடுங்கிக் காயை மட்டும் தின்றுவிட்டு, மண்ணை மூக்கால் புரட்டிவிட்டுப் போயிருக்கிறது. "காட்டுப் பன்னி. ஒண்ணு இல்ல, குட்டிகளோட வந்திருக்கு" என்று பெரியப்பா குனிந்தார். பிள்ளைகளும் மண்டி போட்டார்கள். ஈர மண்ணில் தடம் அச்சு அசலாக விழுந்திருந்தது. முன்னால் இரண்டு குளம்பு, பின்னால் சற்று அகன்று இரண்டு சின்னக் குழி. ஆட்டுத் தடத்தில் பின்னால் அந்தக் குழி சாதாரணமாக விழாது, பன்றிக்கு மெத்து மண்ணில் நன்றாகப் பதியும். பக்கத்திலேயே அதே மாதிரி, ஆனால் என் கட்டைவிரல் அளவில் தடங்கள்.

"இது எப்பப் போனது, சொல்லு பாப்போம்" என்று பேரனைக் கேட்டார். அவன் முழித்தான். பெரியப்பா விரல் நுனியால் ஒரு தடத்தின் ஓரத்தைத் தொட்டார். ஓரம் கத்தியால் வெட்டியது போல நின்றது, உள்ளே பனி இறங்கவில்லை. அது விடியற்காலை. நாலடி தள்ளி இன்னொன்று, ஓரம் உதிர்ந்து, குறுக்கே ஒரு சிலந்தி நூல் ஓடியிருந்தது. அது முந்தாநாள். மகள் ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் தன் பென்சில்பெட்டி ஸ்கேலை வைத்துப் போனில் படம் எடுத்தாள். வேலி ஓரத்தில் ஒரு முள்ளம்பன்றி முள்ளும் கிடைத்தது. அதைப் பெரியப்பா எடுக்க விடவில்லை, கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றார்.

பழைய கிணறு தோண்டிய மண் தோப்பின் தெற்கே மேடாகக் கிடக்கிறது, ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அதன் பின்னால் பாதையும் இல்லை, வீடும் இல்லை. அதையே குண்டு தாங்கும் சுவராக வைத்து, முன்னால் மணல் மூட்டை அடுக்கி, வைக்கோல் கட்டில் அட்டையைக் குத்தினோம். அண்ணன் 10 மீட்டர் அளந்து சிவப்புத் துணி கட்டினான். துணியைத் தாண்டி யாராவது கால் வைத்தால் துப்பாக்கி உடனே தரையில். சுடாத நேரமெல்லாம் பேரல் மடிந்தே இருக்க வேண்டும். குறி பார்க்கும் வரை ட்ரிக்கரில் விரல் போகக் கூடாது. எல்லோருக்கும் கண்ணாடி. கல்லிலோ தகரத்திலோ சுடவே கூடாது, ஈயம் தெறித்துத் திரும்பி வரும். மகன் இதையெல்லாம் ஒப்பித்துக் காட்டிய பிறகுதான் துப்பாக்கியைத் தொட விட்டார்கள்.

போட்டி அட்டையில் வட்டங்கள் எல்லாம் சேர்ந்தே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் 10 மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. கிளப்பில் அந்தப் புள்ளியை அடிக்கடி தொடுகிறவள், இங்கே முதல் ஐந்து குண்டையும் ஏழுக்கும் ஆறுக்கும் சிதறவிட்டாள். கட்டடத்துக்குள் காற்று கிடையாது, வெளிச்சம் மாறாது. இங்கே மா இலை ஆட ஆட அட்டை மேல் நிழல் ஓடுகிறது. அவள் உதட்டைக் கடித்தாள். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "அட்டையவே பாக்காத தாயி. அந்தா அந்தக் கெளையப் பாரு. எல நிக்கட்டும், அப்பப் பைய இழு" என்றார். அவள் துப்பாக்கியை இறக்கினாள். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தி, இலை அசைந்தால் மறுபடி இறக்கி, இப்படி ஒரு குண்டுக்கு நாலைந்து நிமிடம். அடுத்த ஐந்தில் நாலு ஒன்பதுக்குள் விழுந்தது. பயிற்சியாளர் வாரக்கணக்கில் சொன்ன பொறுமை, ஒரு மாங்கிளையைப் பார்த்து வந்துவிட்டது.

இன்றைக்கு என்னை அசத்தியவர் மதினி. இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மணல் மூட்டை மேல் தாங்கி வைத்து, கயிற்றில் தொங்கவிட்ட கொட்டாங்கச்சியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் "சுடு சுடு" என்கிறான், அவர் காதில் வாங்கவில்லை. டொக். கொட்டாங்கச்சி சுழன்றது. மறுபடி டொக். பதற்றமே இல்லாத கை. நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டுச் சுட்ட இடத்தில் அவர் மட்டும் அவசரப்படவில்லை.

மகனுக்குத்தான் சோதனை. மாமரத்தில் சாய்ந்து நின்றவன் சட்டைக்குள் முசுறு எறும்பு இறங்கிவிட்டது. குதித்த குதியில் துப்பாக்கியைப் பிடித்திருந்த அண்ணன் உடனே பேரலை மடித்துக் கீழே வைத்தான். பெரியம்மா சுண்ணாம்பு தடவினார். முதுகில் பதினைந்து இடத்துக்குக் குறையாமல் தடிப்பு.

பதினோரு மணி வாக்கில் வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். வேலிக்கு வெளியே நின்று, "ஐயா, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படலைத் திறந்தார். வந்ததும் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் துப்பாக்கியை வாங்கி, துளை அளவு பார்த்து, அட்டையையும் மண்மேட்டையும் பார்த்துத் தலையாட்டினார். "பட்டா நிலத்துல அட்டையச் சுடுங்க, யாரும் கேக்க மாட்டோம். அந்த ஓடையத் தாண்டுனா காப்புக்காடு. அங்க அனுமதியில்லாம கால் வச்சாலே கேஸு. புறா, மைனான்னு ஒண்ணு விழுந்தாலும் கேஸுதேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சிவராத்திரி வந்தால் முயல் வேட்டை என்று கிளம்புகிறவர்களைத் தடுக்க ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்களாம். தாத்தா காலத்துப் பழக்கம் என்று அவர்கள் சண்டைக்கு வருவார்களாம். "பழக்கந்தேன். ஆனா தாத்தா காலத்துல இருந்த முயலு இப்ப இல்லையே" என்றார்.

பெரியப்பா அவரைக் கடலைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இந்த ஜனவரியில் அரசு கொண்டுவந்த முறையைக் காவலர் விளக்கினார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியே இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறை ஆட்கள் மட்டும் சுடலாம், விவசாயி சுடக் கூடாது. எங்கள் தோப்பு முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது. ஆகவே பெரியப்பாவுக்கு மிச்சம் இழப்பீடு மட்டும்தான். "படம் எடுத்திருக்கீங்களா? தேதியோட இருந்தா நல்லது. பட்டா நகலோட மனு கொடுங்க" என்றார். மகள் போனை நீட்டினாள். ஸ்கேலோடு எடுத்த தடங்களைப் பார்த்து, "யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று அவளையே கேட்டார். டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

நாலு மணிக்கு மலை மேல் கறுத்தது, ஐந்துக்கு இடி. மண்மேடு, அட்டை, வைக்கோல் எல்லாம் நனைந்து முடிந்தது. கரண்டும் போனது. மோட்டார் ரூம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பன்றி மிச்சம் வைத்த கடலையைப் பிடுங்கி உப்புப் போட்டு அவித்துத் தின்றோம். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் யாரும் பேசவில்லை.

அக்டோபர் 1, புதன் – ஆயுத பூஜை

காலையிலிருந்து கழுவல்தான். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், பைக், எங்கள் கார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஏர் ரைபிளைப் பேரல் மடித்தபடி பாயில் வைத்து ஒரு பொட்டு. அப்போதுதான் பெரியப்பா பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். உள்ளே வளரி.

வைரம் பாய்ந்த புளிய மரம். பிறை வளைவு. ஒரு முனை அகன்று கனத்து, மறுமுனை மெலிந்து கைப்பிடிக்கு உருண்டை. எத்தனை வருட விளக்கெண்ணெயோ, கருகருவென்று கல் மாதிரி இருக்கிறது. கையில் வாங்கியதும் கனம் முழுக்க நுனிக்கு ஓடுவது தெரிந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து வளரியை அனுப்பிப் பெண்ணை எடுக்கும் வழக்கம் இருந்தது என்று பெரியம்மா சொன்னார். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரோடு போர் செய்யப் பின்னால் அதே அதிகாரி வந்தார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இங்கிருந்து மேலூர் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஊர். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது மகன் வளரியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பொரி, கடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல். பூசணிக்காய் உடைத்து முடித்து, வெயில் தணிந்ததும் அறுத்துக் காலியாகக் கிடந்த வயலுக்குப் போனோம். குலை தள்ளிய வாழையை வெட்டிய அடித்தண்டை நட்டு வைத்தார்கள். பரணில் இருந்தது பூஜைக்கு மட்டும். வீசிப் பழகப் பெரியப்பா கருவேலங்கட்டையில் இரண்டு செதுக்கி வைத்திருந்தார்.

மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தரைக்குக் கிடையாக விட வேண்டும். மணிக்கட்டு கடைசியில் ஒரு வெட்டு வெட்டினால்தான் சுழற்சி வரும். எண்பது வயதுக்காரர் ஒரே ஒரு முறை வீசிக் காட்டினார். விர்ரென்ற சத்தம் முதலில் வந்தது. முழங்கால் உயரத்தில் பறந்து போய் வாழைத்தண்டைச் சதக்கென்று கீறிவிட்டு விழுந்தது. ஓடுகிற மானின் காலுக்குத்தான் இந்த உயரமாம். மகன், "திரும்பி வராதா தாத்தா?" என்றான். "வராதுய்யா. விட்டவன்தேன் போயி எடுத்துட்டு வரணும்." அவன் வீசுவதும் ஓடிப்போய் எடுப்பதுமாக இருட்டும் வரை ஓடினான். வாழைத்தண்டில் ஒரு முறை பட்டது. ராத்திரி தோளைத் தூக்க முடியவில்லை. நல்லெண்ணெய் தடவிவிட்டேன்.

மகளுக்குத் துப்பாக்கியைவிட இது கஷ்டமாக இருந்தது. அவள் நின்று, மூச்சுப் பிடித்து, அசையாமல் சுடப் பழகியவள். இதற்கோ உடம்பு முழுவதும் ஓட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஆச்சரியமாக இரண்டாவது வீச்சிலேயே கை படிந்துவிட்டது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறிந்த பழக்கம்.

படுக்கும்போது பெரியம்மா பன்றிக் கதை சொன்னார். மதுரைச் சொக்கர் ஆடிய திருவிளையாடல்தான். பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றியும் தகப்பன்பன்றியும் செத்துவிட, பன்னிரண்டு குட்டிகள் பாலுக்குத் தவிக்கின்றன. சொக்கரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அந்தக் குட்டிகள் பிறகு பாண்டியனுக்கே மந்திரிகள் ஆகின்றன. கடலைக் காட்டில் கட்டைவிரல் அளவுத் தடத்தைப் பார்த்த பிள்ளைகள் வாயைத் திறக்காமல் கேட்டார்கள். பன்றியால் வருடா வருடம் நஷ்டப்படுகிற பெரியம்மாதான் இந்தக் கதையை இவ்வளவு ஆசையாகச் சொல்கிறார்.

வேட்டையை நிறுத்திய சட்டம் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொல்வதற்கு முந்திய அத்தனையும், காற்றுப் பார்ப்பது, தடம் படிப்பது, மூச்சை அடக்கிக் காத்திருப்பது, வளரி வீசுவது, இவை பெரியப்பா தலைமுறையோடு போய்விடக் கூடாது. இதற்குக் காடும் தேவை, சொல்லித்தர ஆளும் தேவை. இரண்டும் இன்னும் இருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டி வந்து விடுங்கள் என்று இதைப் படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன் – அரிட்டாபட்டி, மேலூர், வீடு

துப்பாக்கியை உறைக்குள் கட்டி வைத்துவிட்டு, பைனாகுலரை மட்டும் எடுத்துக்கொண்டு அரிட்டாபட்டிக்குப் போனோம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193.42 ஹெக்டேர். பாறையில் தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோவில் எல்லாம் இருக்கின்றன. அவற்றை வேகமாகப் பார்த்துவிட்டோம். எங்களுக்கு வேண்டியது பாறை உச்சி.

ஊர்ப் பையன் ஒருவன் தானாக வந்து சேர்ந்துகொண்டான். இங்கே லகர் வல்லூறு, சாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் உண்டு என்று விரல் விட்டுச் சொன்னான். எந்த இடத்தில் நின்றால் பறவைக்குத் தொந்தரவில்லை என்பதும் அவனுக்குத் தெரிகிறது. வெள்ளையாக எச்சம் வழிந்திருந்த ஒரு விளிம்பைக் காட்டினான். பைனாகுலரில் பார்த்தால் தவிட்டு நிற முதுகு, வெளுத்த நெஞ்சு, கண்ணுக்குக் கீழே மை இழுத்த மாதிரி ஒரு கோடு. லகர் வல்லூறு. கீழே புறாக்கள் ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அது அசையவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், வெயில் மண்டையைப் பிளந்தது. தலை மட்டும் புறா போகும் பக்கமெல்லாம் திரும்பியது. "காத்து மாறட்டும்னு பாக்குதும்மா" என்று மகள் கண்ணை எடுக்காமலே சொன்னாள். கடைசியில் அது இறங்கியது. சிறகை மடக்கி விழுந்த வேகத்தில் பைனாகுலரால் தொடர முடியவில்லை. புறாக் கூட்டம் சிதறியது, எதுவும் சிக்கவில்லை. ஒரு வட்டம் போட்டுவிட்டு அதே விளிம்பில் வந்து உட்கார்ந்து, மறுபடி பார்க்கத் தொடங்கியது.

2024 நவம்பரில் இந்த மலைகளைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தபோது சுற்று வட்டார ஊர்களே திரண்டன. 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்தப் பையனும் அவன் அம்மாவும் போராட்டத்தில் இருந்திருக்கிறார்கள். மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்ததைச் சொல்லும்போது அவன் குரல் ஏறியது. அவனுக்குப் பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. "அடுத்த தடவை சீக்கிரம் வாங்க, ஏழு மணிக்கெல்லாம்" என்றான். கண்மாய்க்கரைப் பெட்டிக்கடையில் அவனுக்கும் சேர்த்துச் சர்பத் குடித்தோம், கிளாஸ் 20 ரூபாய்.

விஜயதசமி என்பதால் சாயங்காலம் கோவில்களில் அம்பு போடுவார்கள், பார்த்துவிட்டுப் போகச் சொல்லிப் பெரியம்மா வற்புறுத்தினார். அண்ணனுக்குத் தேனி போய்ச் சேர வேண்டும். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்த மேலூரில் ஒரு கடையில் போட்டோ பிரிண்ட் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தடங்களின் படங்களைத் தேதியோடு பிரிண்ட் எடுத்தோம். ஒன்றுக்கு 20 ரூபாய் வாங்கினார். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, தன் மாமனார் ஊரிலும் இதே பாடுதான் என்று கூடுதலாக ஒரு செட் சும்மா போட்டுக் கொடுத்தார்.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டார். எத்தனை பன்றி என்று எழுத வேண்டிய இடத்தில் அண்ணன் பேனாவை நிறுத்தினான். பெரியப்பா பேத்தியைப் பார்த்தார். அவள் படங்களைத் திண்ணையில் பரப்பி, ஸ்கேல் அளவுகளை ஒப்பிட்டு, "பெருசு ரெண்டு, குட்டி அஞ்சு இருக்கலாம் தாத்தா" என்றாள். அவர் ஒவ்வொரு படமாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "ஆறு" என்று திருத்தி, ஆறாவது குட்டியின் தடம் எதுவென்று அவளுக்குக் காட்டினார். அது தாய்த் தடத்தின் மேலேயே மிதித்துப் போயிருந்தது. ஆறு என்றே எழுதிக் கொடுத்தோம். நாளைக் காலை ஆபீஸ் திறந்ததும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.